நல்ல புடவை கட்டிக்கொண்டு போன திங்கட்கிழமை

எங்களைப் பார்த்தால் இருளர் மாதிரி இல்லை என்று ஒரு அதிகாரி சொன்னார். அவர் திட்டவில்லை. பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். நானும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் இத்தனையையும் என்னைச் செய்ய வைத்தது என்று நினைக்கிறேன்.

என் மகள் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கப் பழங்குடியினர் சான்றிதழ் வேண்டும். அது என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் எங்கள் பதினேழு வீடுகளில் யாரிடமுமே இல்லை. அப்பனிடம் இருந்தால் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அப்பனுக்கு வாங்கப் போனால் அவனுடைய அப்பனிடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எங்கள் மாமனார் காலத்தில் ஆபீஸ் இருக்கும் தெருப் பக்கமே யாரும் போனதில்லை.

மூன்றாவது முறையாக விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் வெள்ளைச் சுடிதார் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதிகாரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பாம்பு புடிப்பீங்களா?"

"இல்ல சார். நான் கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன்ல இருக்கறேன்."

"எலி?"

"எங்க மாமனார் புடிச்சாரு சார். எங்க வூட்டுக்காரரு டிராக்டர் ஓட்டறாரு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "நல்லா படிக்கிற புள்ள. பேச்சும் சுத்தமா இருக்குது. பாத்தா இருளர் மாதிரியே இல்லையேம்மா. நான் எப்படி ரெக்கமண்ட் பண்றது?"

நான் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மகள் கேட்டாள்.

"ஏம்மா சிரிச்ச?"

பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ரோட்டைப் பார்த்தேன். அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸ் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மாடியில் முன்பக்கம் இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் மலை. பின்பக்கத்து அறைகளில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. முன் அறையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி எனக்குச் சொல்லி வைத்திருந்தார். "வெள்ளைக்காரங்க வந்தா அங்க போடு. மத்தவங்களைப் பின்னாடி பாத்துக்கலாம்." அப்படியே செய்துகொண்டிருந்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தவள்தான் நான்.

அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி, கருப்பு நிறம். என்னைவிடக் கருப்பு. அவர்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் என்னிடம், "ஆப்பிரிக்காவாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாசலில் வந்து நின்று அவர்களையே பார்த்தன. நானும் பார்த்தேன். பிறகு திரும்பிப் பின் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

சாவி மாட்டும் பலகை எனக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன் அறைச் சாவி இரண்டும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மா பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். கூட்டம் இல்லை. நான் ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து சான்றிதழுக்கான மேல்முறையீட்டு மனுவை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தண்ணீர் பாட்டில் வாங்க வந்தவர்கள், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கெஸ்ட் ஹவுஸ் இங்கிலீஷில் சொன்னேன். நாங்கள் யார் என்பதற்குப் பேப்பர் வேண்டும், நாங்கள் அப்படித் தெரியவில்லை என்று பேப்பர் தர மாட்டேன் என்கிறார்கள் என்று. அவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் சாதிப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, கையிலிருந்த புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்து காட்டினார்கள். அவர்கள் ஒரு பெரிய நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களாம். பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிற வேலை. அந்த நூலகத்தில் தேடியபோது எங்கள் ஆள் ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துப் படம். சுண்ணாம்புச் சுவரில் ஒரு பெண்ணை ஒட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். ரவிக்கை இல்லாமல் சேலையை மேலே சுற்றி முடிந்திருக்கிறாள். பக்கத்தில் உயரம் அளக்கிற குச்சி. காலடியில் ஒரு பலகை, அதில் சாக்குக்கட்டியால் ஒரு நம்பர். படத்தின் கீழே எங்கள் சாதிப் பெயரும் 'பெண்' என்ற வார்த்தையும். அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதை எதுக்கு எனக்குக் காட்டறீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். அவர்களுக்கு வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போய் மேஜையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த ஆபீசில் அதிகாரி கண்ணில் இருந்தவள் இவள்தான் என்று பட்டது. இவள் மாதிரி இல்லை என்றுதான் என் பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். இவள் மாதிரி இருந்திருந்தால் உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா இறங்கி வந்து வாசல் படியில் உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். கேட்காமல் காட்டியிருக்கக் கூடாது என்றார்கள். தன் ஜனங்களையும் இப்படித்தான் சுவரோரம் நிற்க வைத்து முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள் என்றும், அந்தப் படங்களைப் பெட்டி பெட்டியாகப் பார்த்ததாகவும், முதல் வருஷம் வேலையை விட்டுவிடலாம் என்றிருந்ததாகவும் சொன்னார்கள்.

"அப்புறம் ஏன் விடலை?"

பதிலுக்குப் போனில் இன்னொரு படத்தைத் தேடி எடுத்து, "பார்க்க இஷ்டமா?" என்று இந்தத் தடவை முதலில் கேட்டார்கள்.

நான் தலையசைத்தேன். அது பேப்பரில் வந்த படம். ரோட்டில் ஊர்வலம். கருப்பு ஜனங்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஓரத்தில் தடியோடு போலீஸ், சங்கிலியில் நாய். வரிசையில் ஒரு இளம்பெண். கோட்டு, தொப்பி, கையுறை. கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி இருந்தாள்.

"எங்கம்மா," என்றார்கள். "எங்களுக்கும் ஓட்டு வேணும்னு கேட்டு நடந்தாங்க. அன்னைக்கு அடி விழும்னு எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா காலையில எழுந்து கோட்டை இஸ்திரி போட்டாங்களாம். அவங்கம்மா, அடி வாங்கப் போறதுக்கு எதுக்குடி நல்ல கோட்டுன்னு கேட்டாங்களாம். படம் எடுப்பாங்க, நாம யாருன்னு அந்தப் படத்துல தெரியணும்னு சொன்னாங்களாம்."

அவர்கள் சொன்ன இங்கிலீஷ் அப்படியே எனக்கு நினைவில்லை. எனக்குள் இந்தத் தமிழாகத்தான் இருக்கிறது.

"அடி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஓட்டும் வந்துச்சு. அடி சீக்கிரம், ஓட்டு லேட்டா."

இரண்டு பேரும் சிரித்தோம். என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. முதல் நாள் சாவியைப் பற்றிச் சொன்னேன். முன் அறை காலியாக இருந்தது என்றேன்.

"தெரியும். நீ குனிஞ்சிக்கிட்டே குடுத்தே. யாரோ சொல்லி வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

"சொன்னாங்க. ஆனா குடுத்தது நான்தான்."

அவர்கள் படியிலிருந்து எழுந்தார்கள். "சரி, இன்னைக்கு மாத்திக் குடு," என்றார்கள். நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன் அறையில் வைத்தேன். சாயங்காலம் முதலாளி வந்து கேட்டபோது, இனிமேல் முதலில் வருகிறவர்களுக்கு முதல் அறை என்றேன். அவர் முணுமுணுத்தார். அந்த வருஷம் எனக்குப் பதில் இங்கிலீஷ் பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும்.

அந்தச் சுவரோரப் பெண்ணின் படத்தை எங்கள் ஜனங்கள் பார்க்க வேண்டுமா, கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்த அம்மாவிடம் படத்தை வாங்கிப் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். முதலில் என் நாத்தனாரிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் அக்கா. ரைஸ் மில்லில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எங்கள் குடியிருப்பில் அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். நம்பரையும் குச்சியையும் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இவளுக்குக் காலு சுடுது," என்றார்.

"என்ன அண்ணி?"

"பாரேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல வெச்சினு நிக்கறா. நல்லா உச்சி வெயில். எம்மா நேரம் நிக்க வெச்சானோ பாவி."

நான் அத்தனை முறை பார்த்தும் அவள் காலைப் பார்க்கவில்லை. ஆமாம், இடது பாதம் வலது பாதத்தின் மேல் இருந்தது. மில்லில் அவித்த நெல் காய்கிற களத்தில் வெயிலில் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நாத்தனாருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. என் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணை இடுக்கினு இருக்காங்க அத்தை, முறைக்கறாங்களா?" என்றாள். "வெயிலும்தான், முறைப்பும்தான்," என்றார் நாத்தனார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது எரியவில்லை.

திங்கட்கிழமை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். இந்த முறை என் மனுவோடு பதினேழு வீடும் சேர்ந்து போவது என்று முடிவானது. எங்களுக்காக மனு எழுதித் தருகிற ஒருவர் டவுனிலிருந்து வந்தார். நல்ல மனுஷன், பல வருஷமாக எங்களோடு நடக்கிறவர். அவர் யோசனை சொன்னார்.

"பேப்பர்காரங்க வருவாங்க. பழைய துணியா கட்டினு வாங்க. செருப்பு வேணாம். யாராவது ஒருத்தர் பாம்புப் பெட்டி கொண்டாந்தா நல்லா இருக்கும். பாத்ததும் இரக்கம் வரணும்."

 நாத்தனார் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் அவர் என்னைப் பார்த்தார். அமெரிக்கா அம்மா சொன்ன கோட்டுக் கதையை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "நீ சொல்லு," என்றார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் கிடையாது. திக்கித் திணறிச் சொன்னேன். அடி விழும் என்று தெரிந்தே ஒரு பெண் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனதைச் சொன்னேன். "எங்க பொண்ணு கண்ணாடி போட்டிருக்குதுன்னு சர்டிபிகேட் தர மாட்டேங்கறாங்க. நாம கிழிஞ்சத கட்டினு போனா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்," என்றேன்.

ஒருவர் குறுக்கே வந்தார். "நல்லா கட்டினு போனா, உங்களுக்கு என்ன கொறைன்னு கேப்பான். அதுக்கு இன்னா சொல்லுவ?" அது நியாயமான கேள்வி.  விவாதம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. கடைசியில் நாத்தனார் எழுந்து புடவையை உதறிக்கொண்டார்.

"எங்கிட்ட நல்ல புடவை ஒண்ணு இருக்குது, அதத்தான் கட்டினு வருவேன். கிழிஞ்சது வேணும்னா ஐயா வூட்ல இருந்து கொண்டாந்து குடுங்க, கட்டிக்கறேன்."

மனு எழுதுகிறவர்தான் முதலில் சிரித்தார். "சரிங்கம்மா, தப்புதான்," என்றார்.

திங்கட்கிழமை காலையில் வேன் பிடித்துப் போனோம். கல்யாணப் புடவை, பண்டிகைப் புடவை, மகள் இஸ்திரி போட்ட சுடிதார். நாத்தனார் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட புடவை. வாசலில் ஒரு பத்திரிகைப் போட்டோகிராபர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா, அப்படியே தரையில உக்காருங்க. செருப்பக் கழட்டிடுங்க. குழந்தைய முன்னாடி வைங்க."

"இன்னாத்துக்கு?" என்றார் நாத்தனார்.

"படம் நல்லா வரும்கா."

"நிக்கறோம். நின்னாவே நல்லா வரும். எடு."

அவர் எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவும் இல்லை.

உள்ளே மனு வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு பெரிய அதிகாரி, பெண். எங்களைத் திருப்பி அனுப்பிய அதிகாரியும் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் குனிந்து பெரிய அதிகாரியிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. "மேடம், ஃபீல்டுல பாத்தோம். இவங்க லைஃப் ஸ்டைல் எல்லாம் மாறிடுச்சு."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அடி முன்னால் போனேன்.

"சார், உங்க தாத்தாவோட தாத்தா கோவணம் கட்டினு ஏர் ஓட்டியிருப்பாரு. நீங்க பேன்ட் போட்டிருக்கீங்க. உங்க சாதி மாறிடுச்சா சார்?"

 மகள் என் கையைப் பிடித்தாள். பெரிய அதிகாரி மனுவிலிருந்து நிமிர்ந்தார். அந்த ஆபீசரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உங்க சொந்தக்காரங்க எங்கெங்க இருக்காங்க? யாருக்காவது சர்டிபிகேட் இருக்கா?"

அப்பனிடம் இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, சொந்தக்காரர்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நாத்தனார் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். திண்டிவனம் பக்கம் கொடுத்த அத்தை, செங்கல்பட்டில் இருக்கும் சித்தப்பா வகையறா, மாசி மகத்தன்று கடற்கரையில் எங்கள் சாமி கன்னியம்மாவைக் கும்பிடும்போது பேசி முடித்த கல்யாணங்கள், அதில் எந்தக் குடும்பத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, எந்தக் குடும்பத்துக்கு இல்லை. பெரிய அதிகாரி நடுவில் நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்குள் குடியிருப்புக்கே போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று மனுவின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுவரோரப் பெண்ணின் படம் என் பைக்குள்தான் இருந்தது. சாட்சியாகக் காட்டலாம் என்று எடுத்துப்போயிருந்தேன். காட்டவில்லை. இன்னொரு ஆபீசர் மேஜையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்த மனசு வரவில்லை.

மறுநாள் பேப்பரில் நாங்கள் நின்ற படம் வந்தது. அமெரிக்கா அம்மாவுக்கு அனுப்பினேன். அவர்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பிச் சென்னைக்குப் போயிருந்தார்கள். உடனே பதில் போட்டார்கள். இந்தப் படத்தைத் தன் பழைய நூலகத்துக்குக் கொடுக்கலாமா, படத்தில் இருக்கிற எல்லோரையும் கேட்டுச் சொல் என்று. கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். நாத்தனார் மட்டும் நிபந்தனை போட்டார். "எம் பேரைத் தப்பில்லாம எழுதச் சொல்லு. ரேஷன் கார்டுல எழுதின மாதிரி எழுதினா ஒத்துக்க மாட்டேன்." இடமிருந்து வலமாக எல்லார் பெயரையும் இங்கிலீஷில் நானே எழுதி அனுப்பினேன். எழுதி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது.

விசாரணைக்கு வந்தவர் ஒரு இளம் பெண் அதிகாரி. டூவீலரில் தனியாக வந்து, எங்கள் வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்து, காலையிலிருந்து மூன்று மணி வரை எழுதினார். யார் யாருக்கு என்ன முறை, எங்கே பெண் கொடுத்தீர்கள், சாமிக்கு என்ன படைப்பீர்கள். பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை. நாத்தனார் வைத்த நண்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதலில் பதினோரு வீட்டுக்குச் சான்றிதழ் வந்தது. மீதி ஆறு வீட்டுக்கு ஒரு கார்டில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று நிறுத்தி வைத்தார்கள். நான்குக்குச் சரியாகிவிட்டது, இரண்டு இன்னும் நடக்கிறது. என் மகளுக்கு முதல் கவுன்சிலிங் தவறிப்போனது. அழுதாள். அடுத்ததில் இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம். ஊசி போடப் பழகுகிறேன் என்று லீவில் வந்தால் பூசணிக்காயைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போய் விண்ணப்பம் எழுதித் தருகிறேன். போன வாரம் ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு. விண்ணப்பத்தில் ஒட்டப் போட்டோ வேண்டும் என்று செல்போனை எடுத்தேன். அந்த வீட்டுப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்கக்கா, தலை வாரினு வரேன். அவரும் வேர்க்கடலைக் கொல்லையில இருக்காரு, கூப்புட்டு அனுப்பறேன். ரெண்டு பேரும் குளிச்சிட்டு வந்துடறோம்."

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவர்கள் வரும்வரை மற்ற பக்கங்களை நிரப்ப ஆரம்பித்தேன்.